இடது கை, ஏர் பிஸ்டல்: வலது கைக்கு மாற்ற வேண்டுமா?

கோவை அம்மா:
என் மகளுக்கு 13 வயது. சாப்பாடு தவிர எல்லாமே இடது கைதான். மூன்று மாதமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். கிளப்பில் இருப்பதெல்லாம் வலது கை கிரிப், அதாவது வலது உள்ளங்கை வடிவத்துக்குச் செதுக்கிய கைப்பிடி. பிடித்தால் உள்ளங்கை வலிக்கிறது என்கிறாள். வலது கைக்கு மாறச் சொல்கிறார்கள். மாற்றலாமா? பிஸ்டல் ஒருமுறைதான் வாங்க முடியும்.

இடக்கை:
மாற்றாதீர்கள் அக்கா. நானும் இடது கைதான். முதல் வருடம் முழுக்க வலது கை கிரிப்பில் சுட்டேன். மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம். ஒவ்வொரு குண்டுக்கும் பிடி மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் மாஸ்டர் ஐ, அதாவது குறி பார்க்கும்போது முந்தி நிற்கும் கண், எது என்று பாருங்கள். கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் விட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கட்டும். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ, அதுதான். வலது கண் வந்தாலும் கவலை வேண்டாம். ரைஃபிளில் கட்டை கன்னத்தில் ஒட்டுவதால் அது தொல்லை. பிஸ்டலில் தலையைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும்.

மோரினி, ஸ்டெயர், வால்தர் என்ற மூன்று கம்பெனி பிஸ்டலுக்கும் இடது கை கிரிப் உண்டு. பிஸ்டல் அதேதான், கிரிப்தான் வேறு. நல்ல பழைய பிஸ்டல் கிடைத்தால் வாங்கி, கிரிப்பைத் தனியாக வரவழைக்கலாம். வளரும் கை என்பதால் இடைவெளியை வுட் புட்டி வைத்து நிரப்புங்கள். பிறகு தேய்த்து எடுத்துவிடலாம். மணிக்கட்டுக்கு மட்டும் கிரிப் முட்டுக் கொடுக்கக் கூடாது, விதி அப்படி. ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம், அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று, இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. ட்ரிகரை வெடுக்கென்று இழுத்தால் வலது கைக்காரர்களுக்குக் குண்டு கீழே இடப்பக்கம் போகும். நமக்குக் கீழே வலப்பக்கம். பயிற்சிப் படங்கள் பெரும்பாலும் அவர்களுக்காக வரைந்தவை. அது புரியாமல் மாதக்கணக்கில் பிஸ்டலின் சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) திருகிக்கொண்டிருந்தேன்.

மதுரைக்காரன்:
என் தம்பியும் இடது கை. வரிசையில் நிற்கும்போது வலப்பக்கத்து லேனில் (சுடும் இடத்தில்) நிற்பவர் அவனுக்கு நேர் எதிரே முகம் காட்டி நிற்பார். முதல் போட்டியில் அதிலேயே கவனம் சிதறியது. பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் பிளைண்டரை இப்போதே போட்டுப் பழக்குங்கள்.

கோவை அம்மா:
கடிகாரம் வைத்துப் பார்த்தோம், வலது கண். தலையைத் திருப்பும்போது கால் வைக்கும் கோணமும் மாற வேண்டுமா?

இடக்கை:
ஆமாம், கொஞ்சம். கண்ணை மூடி கையை உயர்த்தச் சொல்லுங்கள். திறக்கும்போது பிஸ்டல் இலக்கை விட்டு விலகி நின்றால் கையை நகர்த்தாமல் பின்கால் பாதத்தை நகர்த்தட்டும்.