கலைச்சொல்: ‘நான்-லோக்கல்’ என்பதற்கு ‘வந்தேறி’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

தொல்லெலும்பு ஆய்வுகளில் வரும் ‘நான்-லோக்கல்’ (non-local, உள்ளூர் சாராத) என்பதற்கு இந்த இழையில் ‘வந்தேறி’ முன்மொழியப்பட்டிருக்கிறது. சுருக்கமான சொல்தான். ஆனால் இன்று அது வசையாகத்தான் புழங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆய்வு சொல்லாத ஒன்றையும் அது சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

அளக்கப்படுவது பல். சிறுவயதில் உண்ட உணவிலும் குடித்த நீரிலும் இருந்த ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம், கால்சியத்தின் இடத்தைப் பிடித்துப் பற்சிப்பியில் (எனாமல்) தங்கிவிடுகிறது. எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படும், பற்சிப்பி அப்படியல்ல. ஸ்ட்ரான்சியத்துக்கு 87, 86 என்று நிறை வேறுபட்ட வகைகள், அதாவது ஐசோடோப்புகள் உண்டு; அவற்றின் விகிதம் நிலத்தின் பாறையைப் பொறுத்து மாறும். பற்சிப்பியிலுள்ள விகிதத்தைப் புதைத்த இடத்து விகிதத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் ‘நான்-லோக்கல்’. அவ்வளவே.

டென்மார்க்கின் எக்ட்வெட் பெண்ணைப் பாருங்கள். கி.மு. 1370 அளவில் ஓக் மரப் பெட்டியில் புதைக்கப்பட்டவர், 1921இல் கண்டெடுத்தார்கள். அவர் டென்மார்க்குக்கு வெளியே, அநேகமாகத் தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பிறந்தவர் என்றது 2015 ஆய்வு. 2019இல் இன்னோர் ஆய்வு, வயல்களில் இக்காலத்தில் போட்ட சுண்ணாம்பு அங்குள்ள நீரின் விகிதத்தை மாற்றியிருக்கிறது, அதை நீக்கிப் பார்த்தால் அவர் உள்ளூரிலேயே வளர்ந்திருக்கலாம் என்றது. வாதம் ஓயவில்லை. 2015இல் நாம் ‘வந்தேறி’ என்று எழுதியிருந்தால், முடிவாகாத ஒன்றை அந்தப் பெண்ணின் மேல் ஒட்டியிருப்போம்.

அதனால் பெயர் ஆளுக்கு வேண்டாம், பல்லுக்கு இருக்கட்டும்: ஒத்தநிலப் பல், ஒவ்வாநிலப் பல். ‘வேறுநிலப் பல்’ என்றும் யோசித்தேன். அதுவும் வேறு நிலத்திலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறது. ‘ஒவ்வாநில’ என்றால் இரண்டு அளவும் பொருந்தவில்லை என்பது மட்டும்தான். ஒவ்வாமை நோய் நினைவுக்கு வருமே என்பீர்கள். சரி, வரட்டும், பொருள் கெடவில்லை. ‘உள்ளூர்ப் பல்’ என்பதைவிட ‘ஒத்தநில’ நல்லது என்பதற்கும் காரணம் உண்டு: ஒரே வகைப் பாறை நூறு மைல் தள்ளியும் இருக்கும். அங்கிருந்து வந்தவரின் பல்லும் இங்கே ஒத்துப்போகும்.

அப்புறம், ஐசோடோப்புக்கு வழங்கும் ‘ஓரிடத்தான்’ பற்றி. தனிம அட்டவணையில் ஓரிடத்தில் நிற்பது என்ற பொருளில் வேதியியலுக்கு அருமையான சொல். ஆனால் ‘ஓரிடத்தான் கொண்டு இடப்பெயர்வு அறிதல்’ என்ற தலைப்பைப் படிப்பவர், ஊரைவிட்டு நகராத ஆள் என்றல்லவா நினைப்பார்? இலங்கை நண்பர்களின் ‘சமதானி’ இங்கே குழப்பாது. இத்துறைக்கு அதையே எடுத்துக்கொள்ளலாமா?