நான் கேட்கும் பாட்டு ஊருக்கே தெரிய வேண்டுமா?

தேன்மொழி, கோவை (திங்கள் இரவு 9.40)

இசை பகிரும் ஆப் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் கார்த்தி நேற்று இங்கே எழுதியது இது: "பகிர்வுப் பொத்தானை அழுத்த யாருக்கும் நேரமில்லை. கேட்கிற பாட்டு நண்பர்களுக்குத் தானாகத் தெரிவதுதான் பயனரின் தேவை. தானாகப் பகிரும் அந்த சுவிட்ச் முதல் நாளிலிருந்தே ஆனில் இருக்க வேண்டும்." படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு பயனரிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு இதை எழுதினீர்களா?

நான் பேசினேன். சிங்காநல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா தன் தங்கைக்குப் பாட்டு அனுப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மகனின் ஃபோனில் பாட்டை ஓடவிட்டு, தன் ஃபோனை அதன் ஸ்பீக்கரை ஒட்டிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் எடுக்கிறார். சரணம் வரும் வரை காத்திருந்து நாலே வரி. பின்னால் ஓடும் தையல் மிஷின் சத்தமும் சேர்ந்தே போகிறது. லிங்க் அனுப்பலாமே என்றேன். "அவ ஃபோன்ல அந்த ஆப் இல்லையே, இறக்கு இறக்குன்னு கேக்குது" என்றார்.

ஒரே ஒருத்திக்கு, அந்த நாலு வரி. தேவை அதுதான். ஊருக்கெல்லாம் சொல்லும் சுவிட்சுக்கு இதில் என்ன வேலை?

கோடர் கார்த்தி (இரவு 10.05)

போன மாதம் நோட்டிஃபிகேஷன் சண்டையில் பூக்கடை அக்கா. இந்த மாதம் தையல் கடை அக்கா. அடுத்த மாதம் எந்தக் கடை?

லாஸ்ட்.எஃப்எம் தெரியுமா? அதில் ஓடும் ஆடியோஸ்க்ரோப்ளர் 2002இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ் செய்த புராஜெக்ட். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் அதுவே குறித்து உங்கள் பக்கத்தில் போட்டுவிடும். 2007இல் அமெரிக்க ஊடக நிறுவனம் சிபிஎஸ் 28 கோடி டாலர் கொடுத்து அந்தத் தளத்தை வாங்கியது. யார் பொத்தான் அழுத்தினார்கள்? புது ஆளுக்கு முதல் திரை காலியாக இருந்தால் மறுநாளே ஆப்பை அழித்துவிடுவான். அந்தத் திரையை நிரப்பத்தான் சுவிட்ச் ஆன்.

தேன்மொழி, கோவை (இரவு 10.20)

லாஸ்ட்.எஃப்எம்மில் சேர்ந்தவர்கள் அந்தக் கணக்கு வேண்டுமென்றே சேர்ந்தவர்கள். பாட்டு கேட்க வந்தவர்கள் மேல் அதைத் திணித்தபோது என்ன நடந்தது? 2011 செப்டம்பரில் ஃபேஸ்புக்கும் ஸ்பாட்டிஃபையும் கை கோத்தன. கேட்ட பாட்டெல்லாம் நண்பர்கள் பக்கத்தில் தானாக ஓடியது. ஜனங்கள் கத்தினார்கள். சில நாட்களிலேயே, யாருக்கும் தெரியாமல் கேட்கும் வசதியை ஸ்பாட்டிஃபை கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் சுவிட்ச் ஏற்கெனவே ஒரு முறை தோற்றுப்போனது.

கோடர் கார்த்தி (இரவு 10.26)

தோற்கவில்லை. அணைக்க வழி கொடுத்தார்கள், அவ்வளவுதான். நானும் கொடுக்கிறேன். ஆனால் தொடக்கத்தில் ஆன்.

கேசட் செல்வம், மதுரை (இரவு 11.02)

நான் 1988லிருந்து 2001 வரை ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். 90 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் பதிவேன். ஒரு பையன் நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, கீழே "வரிசை மாறக் கூடாது அண்ணே" என்று இரண்டு கோடு போட்டுக் கொடுத்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாளை இன்னொருவர் கண்ணில் காட்டவும் இல்லை. தேன்மொழி சொல்வதுதான் சரி. கார்த்தித் தம்பி, அந்தத் தாளைக் கடை வாசலில் ஒட்டியிருந்தால் அவன் மறுபடி என் கடைப் பக்கம் வந்திருப்பானா?

பென்டிரைவ் பாபு (இரவு 11.15)

அண்ணே, அது திருட்டுப் பதிவுதானே? இசையமைப்பாளருக்கு ஒரு பைசா போயிருக்குமா? அந்தத் தொழில் செய்தவர் நியாயம் பேசலாமா?

அப்புறம், நாலு வரி பகிர்வது ஒன்றும் புதிதில்லை. ரெஸ்ஸோ என்ற இசை ஆப்பில் பாட்டு வரியை எடுத்து அட்டையாக்கி அனுப்ப முடிந்தது, பாட்டுக்குக் கீழேயே கருத்தும் எழுத முடிந்தது. 2020இல் இந்தியாவுக்கு வந்தது, 2024 ஜனவரி 31 அன்று இங்கே கடையை மூடியாயிற்று.

கேசட் செல்வம், மதுரை (இரவு 11.24)

திருட்டா? ஒரிஜினல் கேசட்டும் என் கடையில்தான் விற்றேன். நான் பதிந்து கொடுத்த ஒரு பாட்டு பிடித்துப்போய் முழுப் படத்தையும் வாங்கியவர்கள் எத்தனை பேர். நீ அப்போது பிறந்தே இருக்க மாட்டாய்.

தேன்மொழி, கோவை (இரவு 11.30)

பாபு, ரெஸ்ஸோவை மூட நாலு வரியா காரணம்? சம்பந்தமில்லாததை இழுக்காதீர்கள். பேச்சு சுவிட்சைப் பற்றி.

கோடர் கார்த்தி (இரவு 11.41)

சரி, சுவிட்சுக்கே வருகிறேன். பயனரே தேடிப் பிடித்து, அழுத்திப் பகிரட்டும் என்று விட்ட ஆப்பிளின் பிங் என்ற இசை நட்புத் தளம் என்ன ஆயிற்று? 2010 செப்டம்பரில் வந்தது. 48 மணி நேரத்தில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2012 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். பொத்தானை நம்பினால் இதுதான் கதி.

தேன்மொழி, கோவை (இரவு 11.58)

பிங்கைக் கொன்றது பொத்தான் இல்லை. ஃபேஸ்புக் இணைப்பு முதல் நாளே அறுந்துபோனது. நண்பன் உள்ளே இருக்கிறானா என்று ஒவ்வொருவராகத் தேட வேண்டும். தேடிப் பிடித்தாலும் அவன் சொன்ன பாட்டை முழுதாகக் கேட்க முடியாது, காசு கொடுத்து வாங்க வேண்டும். பாட்டு விற்கும் கடைக்குள் ஒரு அரட்டை மேசையைப் போட்டார்கள். தையல் கடை அக்காவுக்கு வந்த அதே தடைதான்: அனுப்புகிறவர் பக்கம் எல்லாம் சரி, வாங்குகிறவர் பக்கம் கதவு மூடிக் கிடக்கிறது. லிங்கைத் தொட்டவுடன், ஆப் இல்லாமலே, அந்த நாலு வரி ஓட வேண்டும். கார்த்தி, உங்கள் ஆப்பின் திரை வரைபடத்தில் அந்தத் திரை எங்கே? நான் தேடினேன், இல்லை. சுவிட்சுக்கு மட்டும் மூன்று திரை வரைந்திருக்கிறீர்கள்.

ராகமாலிகா (செவ்வாய் காலை 7.10)

ஸ்பாட்டிஃபை 2016 முதல் வருடக் கடைசியில் அவரவர் கேட்ட பாட்டுகளின் கணக்கை ராப்ட் என்று போடுகிறதே, அதை மறந்துவிட்டீர்களா? வருடம் முழுக்கத் தானாகக் கணக்கெடுக்கிறது. எல்லோரும் ஸ்டேட்டஸில் பெருமையாகப் போடுகிறார்கள்.

கோடர் கார்த்தி (காலை 7.15)

அதேதான்! தானாக!

தேன்மொழி, கோவை (காலை 7.22)

தானாக எடுப்பது கணக்கு. வெளியே போடுவது அவரவர் கை. போடாதவர்களின் பட்டியல் யாருக்கும் தெரியாது. ராகமாலிகா எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்.

ராகமாலிகா (காலை 7.31)

நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை.

தேன்மொழி, கோவை (காலை 8.05)

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் அறைத்தோழி வேறொரு ஆப்பில் ஒரே பாட்டை ஒரு வாரம், ராத்திரி ராத்திரி கேட்டாள். அவள் பெயருக்கு நேரே அந்தப் பாட்டு ஓடுவது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. டீ குடிக்கிற இடத்தில் "என்ன, லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் அப்பா ஐசியூவில் இருந்தார். அது அவருக்குப் பிடித்த பாட்டு. அன்றோடு அந்த ஆப்பை அழித்தாள். இரண்டு மாதம் பாட்டே கேட்கவில்லை. இதை நான் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்தவள்.

கோடர் கார்த்தி (காலை 8.20)

வருத்தமாக இருக்கிறது. ஆனால் அணைத்திருக்கலாமே?

தேன்மொழி, கோவை (காலை 8.22)

அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அமைப்புகளுக்குள் நாலாவது திரையில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஆஃப். தொடக்கத்திலேயே ஆஃப்.

கோடர் கார்த்தி (காலை 8.40)

ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் ஆஃப் போட முடியாது. என் முந்தைய ஆப்பின் ரிவ்யூவில் நீங்கள் இரண்டு நட்சத்திரம் போட்டதையும் நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோதனைப் பதிப்பு வருகிறது. சுவிட்ச் ஆனில்தான் வரும்.

தேன்மொழி, கோவை (காலை 8.44)

அந்த ஆப் என் தொடர்புப் பட்டியலைக் கேட்காமல் எடுத்தது. இரண்டு நட்சத்திரமே அதிகம். ஞாயிறு காலை தையல் கடை திறந்திருக்கும். உங்கள் ஆப்பை அந்த அக்காவின் ஃபோனில் போட்டு, தங்கைக்கு நாலு வரி அனுப்பிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு சுவிட்ச் பேசலாம்.

பென்டிரைவ் பாபு (காலை 9.02)

செல்வம் அண்ணே, திருட்டுப் பதிவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேசட் செல்வம், மதுரை (காலை 9.10)

சொன்னேன். மேலே ஏறிப் படி.