புதுப்பிப்பு: மூணு நோட்டுத் திட்டம் என்ன ஆச்சு?

போன மாசம் எழுதியிருந்தேனே: நாவல், பத்திரிகைத் தொடர், மொழிபெயர்ப்பு மூணுக்கும் தனித்தனி நோட்டு, தினமும் காலை 5 முதல் 7 வரை எழுத்து என்று. நாலே நாளில் படுத்துவிட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்குழாயில் தண்ணி வருவதே அப்போதுதான். குடத்தை விட்டுவிட்டு யார் நாவல் எழுதுவது?

இப்போது நாவல் இரவு 10 மணிக்கு மேல். தொடர், விம்கோ நகர் மெட்ரோவில் போகவர.

யோசனைகளைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடந்தபடி போனில் பேசிப் பதிந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் மீன் ஏலச் சத்தம்தான்; என் குரலையே காணோம். ஆனால் வஞ்சிரக் கூடைக்கு விலை ஏற்றிய ஓர் அக்காவின் பேச்சு இழுப்பு, நேராக மூணாம் அத்தியாயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மொழிபெயர்ப்பு நோட்டு இன்னும் 6-ம் பக்கத்தில். பதிப்பாளர் கண்ணில் இது படாமல் இருக்கணும்.