கம்போ சூப்பைச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறதா?

அமெரிக்காவின் லூசியானாவில் லஃபயெட்டுக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே கேஜன் (பிரெஞ்சு வம்சாவளி) வீடுகளில் வைக்கிற கடல் உணவு கம்போ எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்குவதுவரை சரி. சிக்கல், சூப்பைக் கெட்டியாக்குகிற ரூ என்ற மாவு-எண்ணெய்க் கலவையில்தான். அரை கப் எண்ணெயில் அரை கப் மைதாவைச் சாக்லேட் நிறம் வரும்வரை 40 நிமிடம் கிளற வேண்டியிருக்கிறது. போன வாரம் கதவைத் திறக்கப் போன நேரத்தில் கருகி, மொத்தமும் குப்பைக்குப் போனது. மைதாவை வெறும் வாணலியில் முன்னாடியே வறுத்து வைத்தால் அதே சுவை வருமா? அப்புறம், நண்டு விலை கட்டுப்படியாகவில்லை. இறாலும், இறால் ஓடுகளை வேகவைத்த தண்ணீரும் போதுமா? கெட்டியாக்க வெண்டைக்காய் போட்டால் ஃபிலே பொடி (சாசஃப்ராஸ் மர இலைப் பொடி) வேண்டாம்தானே? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை நான்கு பேர் சாப்பிட வருகிறார்கள்.