மூடி இறுக்கிய கழிவு பாட்டில்: ஆய்வகத்திலோ ஆலையிலோ கண்ணில் பட்டதை எழுதுங்கள் (ஒவ்வொரு பதிவுக்கு மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பழுப்புப்புகை

நைட்டல் என்பது உலோகப் பரப்பை அரித்து உள்ளமைப்பைக் காட்டும் கரைசல். 98 மில்லி எத்தனால், 2 மில்லி அடர் நைட்ரிக் அமிலம். ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகவியல் ஆய்வகத்தில் நைட்டல் மிச்சமும் ஆல்கஹால் அலசலும் ஒரே 2.5 லிட்டர் பாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதுவரை தொல்லை இல்லை. அன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கலந்த கிளிசரீஜியாவில் மீந்த 100 மில்லியையும் அதிலேயே கவிழ்த்துவிட்டார்கள். கிளிசரால், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் சேர்ந்த கலவை அது. ஆரஞ்சு நிறம் ஏறுமுன் அப்புறப்படுத்த வேண்டியது, எடுத்து வைக்கவே கூடாதது. மூடியை நன்றாகத் திருகி, ஃபியூம் ஹூடுக்கு (புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கீழே அலமாரியில் வைத்தாயிற்று.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெடித்தது. சாப்பாட்டு வேளை, அறையில் ஆள் இல்லை. ஒட்டுப்பலகைக் கதவின் உள்பக்கம் சில்லுகள் ஆணி அடித்ததுபோல் குத்தி நின்றன.

இன்றும் உறுத்துவது அந்த பாட்டிலின் நிறம். பழுப்புக் கண்ணாடி. நைட்ரஜன் டை ஆக்சைடும் பழுப்பு. உள்ளே புகை திரண்டு கழுத்துவரை ஏறியிருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது வெறும் பாட்டில்தான்.

தாமதம் ஏன் என்றால், நைட்ரிக் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றும்போது உண்டாகும் நைட்ரஸ் அமிலமே அந்த வினையை மேலும் முடுக்குகிறது. முதலில் ஊர்ந்து, போதிய அளவு சேர்ந்ததும் பாய்கிறது. அரை மணி நேரம் கவனித்து "ஒன்றும் இல்லை" என்று மூடினால் அந்த அரை மணி நேரத்துக்குப் பொருளே இல்லை. எத்தனாலில் நைட்ரிக் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஹூட் நம்பர் 3

அதே கதை, அசிட்டோனோட. சின்டர்டு கண்ணாடிப் புனலை (நுண்துளைத் தட்டு வெச்ச வடிகட்டி) அடர் நைட்ரிக் ஊத்தி சுத்தம் பண்ணி, சீக்கிரம் காயட்டும்னு அசிட்டோன்ல அலசி, ரெண்டையும் ஒரே 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்ல விட்டிருக்காங்க. கேன்ங்கிறதால உடையல, உப்பிச்சு. அடிப்பக்கம் உருண்டு போய், யாரும் தொடாமலே மேஜை மேல லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்த ஆட்டம்தான் மறக்கல. லேபிள்ல "வேஸ்ட்"னு மட்டும் இருந்துச்சு. எந்த வேஸ்ட், எப்ப ஊத்தினது, ஒண்ணும் இல்ல.

கூடம் 2 உதவியாளர்

இதுக்கு இவ்வளவு யோசிக்கணுமா? பாட்டில்ல ஊத்தினதும் ரெண்டு கைப்பிடி சோடா உப்பைப் போட்டுட்டா அமிலம் செத்துப் போகும். அப்புறம் மூடி வெச்சா என்ன? பல காலேஜ்ல இதுதான் நடைமுறை. ஒரு தடவை ஒரு பாட்டில்ல மட்டும் மூடி தெறிச்சுப் போய் ஜன்னல் கண்ணாடியில பட்டுச்சு. அது மூடி சரியில்லாததால.

கண்ணாடிக்குடுவை

மூடி சரியாக இருந்ததால்தான் தெறித்தது, ஐயா. கணக்கைப் பாருங்கள். 84 கிராம் சமையல் சோடா முழுதாக அமிலத்தோடு வினைபுரிந்தால் அறை வெப்பத்தில் சுமார் 24 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். பாட்டிலில் மேலே அரை லிட்டர் காலியிடம் இருந்தால் அந்த 24 லிட்டரும் அதற்குள் அடங்கியாக வேண்டும். கொஞ்சம் நீரில் கரைந்துபோனாலும் கண்ணாடி தாங்குகிற அழுத்தமா அது? இரண்டு கைப்பிடி என்பது எளிதாக 84 கிராமைத் தாண்டும்.

நடுநிலையாக்கலாம், பாட்டிலில் அல்ல. கரிமக் கரைப்பான் கலக்காத வெறும் அமிலக் கழிவென்றால், அகன்ற பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரும் ஐஸும், அதில் அமிலத்தை மெல்ல ஊற்றி, பிறகு சோடாவைக் கரண்டி கரண்டியாக. நுரை முழுதும் அடங்கிய பிறகே அடுத்த கரண்டி. பிஹெச் தாளில் 6 முதல் 8 வரை வந்தும் இரவு முழுதும் திறந்தே கிடக்கட்டும். அடியில் கரையாமல் தங்கிய சோடா மறுநாள் கலக்கும்போதுதான் மிச்ச வாயுவை விடும்.

நைட்ரிக்கோடு ஆல்கஹாலோ அசிட்டோனோ ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வாளி வேலையே வேண்டாம். அதைச் சேரவிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. நைட்ரிக்குக்கு எப்போதும் தனி பாட்டில்.

பேஸ்பாத்

நைட்ரிக் இல்லாமலும் நடக்கும். குளோரோஃபார்ம் கழிவு பாட்டில், முக்கால் நிறைந்தது. அதில் அசிட்டோன் அலசலையும் விடுவது எல்லா இடத்திலும் வழக்கம். இரண்டும் கரைப்பான்தானே என்ற நினைப்பு. ஆனால் அன்று அசிட்டோனில் அலசிய குடுவை, ஐசோபுரொப்பனாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த பேஸ் பாத்திலிருந்து (கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஊறவைக்கும் காரத் தொட்டி) எடுத்து, தண்ணீரில் சரியாகக் கழுவாதது. காரம் பட்டவுடன் குளோரோஃபார்மும் அசிட்டோனும் சேர்ந்து குளோரோபியூட்டனால் ஆகின்றன. வெப்பம் கடுமையாக வரும். அசிட்டோன் 56 டிகிரியிலும் குளோரோஃபார்ம் 61 டிகிரியிலும் கொதிப்பவை. திருகி இரண்டு நிமிடம் ஆகவில்லை, மூடி மேலே போய் டியூப் லைட்டில் பட்டது.

பேஸ் பாத்திலிருந்து வரும் கண்ணாடி முதலில் தண்ணீரில், பிறகு நீர்த்த அமிலத்தில், மறுபடி தண்ணீரில். அதற்குப் பிறகுதான் அசிட்டோன்.

பிசிஆர் அறை

எல்லாரும் மூடியையே பேசுறீங்க. மூடாம விட்டாலும் ஆள் விழுற இடம் உண்டு, முதல் பதிவு போட்டவர் இதை ஒத்துக்கணும். ஆர்என்ஏ பிரிக்கிற கிட்ல லைசிஸ் பஃபர்ல (செல்லை உடைக்கிற கரைசல்) குவானிடின் தயோசயனேட் இருக்கும். கழிவு ஜாடியில கிருமி சாகட்டும்னு முன்கூட்டியே ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச், ஊத்தி வெச்சிருப்பாங்க. கிட்டோட வடிகட்டிக் குழாய்ல இருந்து வடிஞ்சதை நேரா அதுல ஊத்தினா ஜாடி சூடாகி நுரைக்கும், சயனைடு வாயு வரும். 2020-ல அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கொரோனா பரிசோதனை சாம்பிளைப் போட்டு அனுப்புற திரவம் சிலதுக்கு இதே காரணத்தால எச்சரிக்கை விட்டுச்சு.

ஒரு இடத்துல அந்த ஜாடி மேஜைக்கு அடியில, உட்கார்ந்திருக்கிறவரோட முழங்காலுக்குப் பக்கத்துல இருந்துச்சு. நுரைக்கிற சத்தம் கேட்டு என்னன்னு குனிஞ்சு பார்த்தாரு. அந்தக் குனிதல்தான் இன்னும் கண்ணுல நிக்குது. ஆளைப் பின்னாடி இழுத்துட்டாங்க, பிழைச்சாரு.

குவானிடின் கழிவுக்குத் தனி ஜாடி வைங்க. ஜாடி மேல "பிளீச் ஊற்றாதே"ன்னு தமிழ்லயே எழுதுங்க, ராத்திரி சுத்தம் பண்ண வர்றவங்களும் படிக்கணும்.

ஆம்பூர் ஈடிபி

பாட்டில் பேசுறீங்க, பேசுங்க. தோல் ஷெட்டுல அந்தப் பாட்டில்தான் நிலத்தடித் தொட்டியா இருக்கு. முடி நீக்க சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் போட்ட தண்ணி பிஹெச் 12-க்கு மேல. பிக்கிள் தண்ணி, அதாவது தோலை உப்பும் அமிலமும் போட்டு ஊறவைக்கிற தண்ணி, பிஹெச் 3. ரெண்டும் ஒரே கால்வாயில சேர்ந்தா ஹைட்ரஜன் சல்பைடு. பிஹெச் 7-லயே சல்பைடுல ஏறக்குறைய பாதி வாயுவா மாறத் தயாரா நிக்கும்.

பம்ப் அடைச்சுக்கிச்சு, தொட்டி மூடியைத் திறந்தாங்க. அழுகின முட்டை நாத்தம் குப்புன்னு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல மேல நின்னவர் சொன்னாரு: "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்." நாத்தம் போகல, மூக்கு போச்சு. 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் வந்தா மோப்ப நரம்பு மரத்துடும். அந்த அளவே உயிருக்கு உடனடி ஆபத்துன்னு வகுத்த அளவு. 500-ஐத் தாண்டினா சில நிமிஷத்துல ஆள் சாய்ஞ்சுடுவார். அன்னிக்கு ஏணியில ரெண்டு படி இறங்கினவரை இன்னொருத்தர் கையைப் பிடிச்சு நிறுத்தினதால எதுவும் ஆகல. கேஸ் மீட்டர் ஆபீஸ் பீரோவுல சார்ஜ்ல இருந்துச்சு.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சல்பைடு தண்ணிக்குத் தனிக் கால்வாய், தனித் தொட்டி. அங்க மாங்கனீஸ் சல்பேட் போட்டு காத்து ஊதி சல்பைடை ஆக்சிஜனேற்றுங்க. சோதனையில சல்பைடு இல்லைன்னு வர்ற வரைக்கும் பிஹெச் 10-க்குக் கீழ இறங்கவே கூடாது, மத்த தண்ணியோட சேரவும் கூடாது. தோல்ல இருந்து சுண்ணாம்பை எடுக்கிற டீலைமிங் டிரம்லயும் இதே ஆபத்து: அம்மோனியம் உப்பு போட்டதும் பிஹெச் 12-ல இருந்து 8.5 பக்கம் வரும், தோலுக்குள்ள தங்கின சல்பைடு வாயுவாகும். டிரம் வாய்ல முகத்தை வெச்சு எட்டிப் பார்க்காதீங்க. ஷெட்ல சுவிட்ச் போர்டு செம்புக் கம்பி கறுத்திருந்தா அந்த இடத்துக்கு வாயு அடிக்கடி வருதுன்னு அர்த்தம், மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும்.

இறங்கித்தான் ஆகணும்னா, உள்ள வர்ற குழாய் எல்லாத்தையும் அடைச்சுப் பூட்டணும். ஊதுவானோட குழாய் தொட்டியோட அடிவரைக்கும் போகணும், ஏன்னா இந்த வாயு காத்தை விட கனம்; வேலை முடியிற வரைக்கும் அது ஓடணும். மீட்டரைக் கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் பார்க்கணும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைஞ்சாலோ சல்பைடு 10 பிபிஎம் காட்டினாலோ இறங்கக் கூடாது. அளவு சரியா இருந்தாலும் மீட்டர் இறங்குறவர் சட்டையிலயே இருக்கணும், சேத்தைக் கிளறினா அடங்கிக் கிடந்த வாயு அப்பத்தான் வரும். உடம்புக் கச்சை, தொட்டி வாய் மேல முக்காலித் தாங்கி, விஞ்ச், மேல ஒருத்தர். அந்த மேல நிக்கிறவர் எது நடந்தாலும் இறங்கக் கூடாது, விஞ்ச்சைச் சுத்தணும். இறங்கித்தான் தூக்கணும்னா எஸ்சிபிஏ (முதுகுல காத்து சிலிண்டரோட வர்ற மூச்சுக் கருவி) போட்டவர் மட்டும். கர்ச்சீப், தூசி மாஸ்க் எதுவும் இங்க உதவாது. 2025-ல புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவுலயே, உள்ள ஆபத்தான வாயு இல்லைன்னு தகுதியான ஆள் எழுத்துல கொடுக்கிற சான்று, இல்லைன்னா மூச்சுக் கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும்னு தெளிவா இருந்துச்சு. "சீக்கிரம் இறங்கி ஏறிடு"ன்னு சொல்ற மேஸ்திரிகிட்ட அதைக் காட்டுங்க.

கூடம் 2 உதவியாளர்

24 லிட்டர் கணக்கை இப்பதான் போட்டுப் பார்த்தேன். சரிதான். அப்ப ஏற்கெனவே மூடி வெச்சிருக்கிற பாட்டில்களை என்ன பண்றது? ஆறு இருக்கு.

கண்ணாடிக்குடுவை

முதலில் தொடாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் எட்ட நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அறையை விடச் சூடாகவோ, உப்பியோ, சீறும் சத்தத்தோடோ ஒன்று இருந்தால் மூடியில் கை வைக்க வேண்டாம். ஹூடில் இருந்தால் கண்ணாடிக் கதவை முழுதும் இறக்கி, விசிறியை ஓடவிட்டு, எல்லாரையும் வெளியேற்றி, அறைக் கதவைச் சாத்துங்கள். பொறுப்பாளருக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள்.

அறை வெப்பத்திலேயே இருந்து, சோடா போட்டு நாளாகிவிட்டது என்றாலும் நீங்கள் தனியாகத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கலாம். முகம் முழுதும் மறைக்கும் தடுப்புக் கவசம், தடித்த கையுறை, இறக்கிய ஹூட் கதவு மூன்றும் வைத்துக்கொண்டு பழகியவர் திறக்க வேண்டிய பாட்டில் அது.

பழுப்புப்புகை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுப்புப் புகையை யாராவது இரண்டு மூச்சு இழுத்துவிட்டால், இருமல் நின்றாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட வரும். மருத்துவமனையில் "நைட்ரஜன் டை ஆக்சைடு சுவாசித்தார்" என்று பெயர் சொல்லிச் சேருங்கள். "அமிலப் புகை" என்றால் ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இனி வாங்கும் பாட்டிலுக்கு அழுத்தம் விடும் துளை மூடி கேளுங்கள். அது வரும்வரை மூடியை அரைத் திருகு தளர்த்தி, தட்டில் வைத்து, ஹூடுக்குள். முக்காலுக்கு மேல் நிரப்ப வேண்டாம். லேபிளில் ஒவ்வொரு முறையும் என்ன, எவ்வளவு மில்லி, எந்தத் தேதி, எத்தனை மணி. அந்த மணி முக்கியம்.