இயற்கைக்கு உரிமை கிடைத்தாச்சு, கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கு?

மண்டபத்தான்
2022 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இயற்கைத் தாயை உரிமைகளுள்ள உயிராகவே அறிவித்தது. சரியான தீர்ப்பு. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியிராவிட்டால், மிச்சப் பவளப்பாறையையும் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டிருப்போம்.

சின்னப்பாலம் பேரன்
அண்ணே, அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களை யார் கேட்டார்கள்? விரலில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண் சட்டை மாட்டி, மூச்சடக்கி முங்கிக் கையால் எடுக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று அவர்களே கட்டுப்பாடும் வைத்தார்கள். ஆனாலும் பூங்கா எல்லைக்குள் கால் வைத்தால் அத்துமீறல்!

மண்டபத்தான்
நம் முன்னோர் கடலைக் கும்பிட்டார்கள், கூடவே வெட்டவும் செய்தார்கள் தம்பி. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லில் பவளத்தின் கண்கள் வரிவரியாகத் தெரியும். ஆவுளியாவை, அதான் கடல் பசுவை, பிடித்துக் கறி தின்றதும் இதே கரைதான். இன்று வலையில் சிக்கினால் அறுத்து விடுகிறார்கள். சட்டம் வந்த பிறகு வந்த மனசு இது.

கீழக்கரை மாமி
சட்டம் யாருக்கு மனசைக் கொடுத்தது? அடியைச் சுரண்டும் இழுவை மடியை ஊக்குவித்ததே அரசுத் திட்டங்கள்தானே. இன்னொன்று: உள்ளூர்ப் பாசியைத் தொடாதே என்றவர்கள், காப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை இங்கே வளர்க்க விட்டார்கள். அது குருசடைத் தீவின் பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியது. எந்தப் பெண்ணின் சாக்குப் பையும் அந்த வேலையைச் செய்ததில்லை.

மண்டபத்தான்
காப்பாபைகஸ் தப்புதான், சரி. கடல் அட்டைக்கு என்ன சொல்வீர்கள்? 2001-இல் தடை போட்டும் கடத்தல் நிற்கவில்லை. தடையைத் தளர்த்தினால் என்ன மிஞ்சும்?

சின்னப்பாலம் பேரன்
அக்கரையில், இலங்கையில் உரிமம் கொடுத்து எடுக்கிறார்கள். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியுமா? முழுத் தடை போட்டதால் கடத்தல்காரனுக்குத்தான் விலை ஏறியது. தீவுக்குக் காவல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பில் பாசிப் பெண்களின் சங்கத்துக்கும் பங்கு கேட்டு யாராவது மனுப் போடட்டும், முதல் கையெழுத்து என்னுடையது.

மண்டபத்தான்
போடுங்கள். ராத்திரியில் அட்டை மூட்டையோடு வருகிற சொந்த ஊர்க்காரனையும் அவர்களே பிடித்துக் கொடுப்பார்களா என்று அதில் எழுதிவிடுங்கள்.

கீழக்கரை மாமி
இழுவை மடிப் படகை யார் பிடிப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.