ஹாமக்குக்குத் தமிழ்: திங்களன்று அச்சுக்குப் போகிறது

பாளையங்கோட்டை:
பள்ளி இயற்கை மன்றத்துக்கு மலைநடைக் கையேடு மொழிபெயர்க்கிறேன். "ஹாமக்கில் நேராகப் படுக்காதே, சற்றுக் குறுக்காகப் படு, முதுகு வளையாது" என்று ஒரு வரி. ஹாமக் என்பது இரண்டு மரங்களுக்கிடையே கட்டித் தொங்கவிடும் படுக்கை. அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். திங்கட்கிழமை அச்சு.

அம்பாசமுத்திரம்:
தூளி இருக்கும்போது வேறு சொல் தேடுவானேன்?

களக்காடு:
தூளியில் இரு முனையும் ஒரே கொக்கியில் சேரும். இதற்கு இரண்டு மரம் வேண்டும் அண்ணாச்சி. கயிறு 30 பாகை அளவுக்குச் சரிந்து, துணி தொய்வாக நின்றால்தான் குறுக்கே படுக்கவே முடியும். வேண்டுமானால் 'மரத்தூளி' எனலாம்.

சேரன்மகாதேவி:
மரத்தூளியா? மர அறுவை மில் ஞாபகம் வருது! 'தூங்கு' என்பதற்கு மூத்த பொருளே தொங்குதல்தான். தூங்கணாங்குருவி தூங்கியா வழிகிறது? கூடுதான் தொங்குகிறது. சிலம்பில் 'தூங்கெயில்' என்பதும் அந்தரத்தில் தொங்கும் கோட்டையே. எனவே 'தூங்குபடுக்கை'. தொங்கலும் உறக்கமும் ஒரே சொல்லில்.

வள்ளியூர்:
ஹாமக்கே தமிழ்தான் ஐயா. அமை + அகம் = அமகம். மேலைநாட்டார் வாயில் ஹாமக்.

சேரன்மகாதேவி:
கரீபியத் தீவுகளின் தாய்னோ மக்கள் சொல் அது. கொலம்பஸ் கூட்டம் 1492இல் அங்கே கண்டது, ஸ்பானியம் வழியாகப் பரவியது. அவர்களையும் குமரிக்கண்டத்திலிருந்து குடியேற்றிவிடாதீர்கள்.

வள்ளியூர்:
அதையும் யோசிக்கலாம்.

பாளையங்கோட்டை:
ஐயாமாரே, திங்கட்கிழமை! 'வலைப்படுக்கை' சரிவருமா?

களக்காடு:
வராது. மலைக்குக் கொண்டுபோவது மெல்லிய நைலான் துணி, வலையில்லை. இன்னொன்று, அடியில் காற்று ஓடும், உறங்குபையின் பஞ்சு உடம்புக்கடியில் நசுங்கிவிடும். மலைக்குளிரில் முதுகு விறைக்கும். வெளிப்பக்கம் கட்டும் 'கீழ்ப்போர்வை' பற்றியும் எழுதுங்கள். மரத்தைக் கயிறு அறுக்காமலிருக்க அகலமான நாடா கட்ட வேண்டும். முண்டந்துறைப் பக்கம் புலிக்காப்பகம், அனுமதியில்லாமல் இராத்தங்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

பாளையங்கோட்டை:
கீழ்ப்போர்வைக்கு ஒருவரும் சண்டை போடவில்லை, நன்றி. மேலே கட்டும் தார்ப்பாய்?

சேரன்மகாதேவி:
அது டார்ப்பாலின். அந்தச் சொல்லில் தார் உண்டு, பாய் இல்லை. மாற்ற வேண்டும்.

அம்பாசமுத்திரம்:
லாரிக்காரனிடம் போய்ச் சொல்லும்வே. பத்தமடைப் பாயையும் விடமாட்டீர் போலிருக்கே.

பாளையங்கோட்டை:
தார்ப்பாய் இருக்கட்டும். 'தூங்குபடுக்கை'க்கு, எதிர்க்காத களக்காட்டாரையும் என்னையும் சேர்த்து மூன்று பேர், தூளிக்கு ஒருவர், அமகத்துக்கு ஒருவர். தூங்குபடுக்கை என்றே கொடுத்துவிடுகிறேன்.

அம்பாசமுத்திரம்:
கொடுங்க. ஆனா பயலிடம் "தூங்குபடுக்கை எடுத்துட்டு வாலே" என்றால் பாயும் தலையணையுமாகத்தான் வந்து நிற்பான். என் ஓட்டு தூளிக்கே.